தாழ் விழும் சத்தம்

"அந்தக் கதவைச் சாத்தினா செத்துருவேன்னு தோணுது, ரெஜினா" என்றான் சுடலைமணி.

பொருட்காட்சியில் அவன் மரணக் கிணற்று வீரன். செங்குத்தான பலகைச் சுவரில், இரண்டு கையையும் விட்டு பைக் ஓட்டுகிறவன்.

வீரர்கள் உள்ளே போனதும், அடியில் இருக்கும் சின்னக் கதவைச் சாத்தித் தாழ் போடுவார்கள். அப்போதுதான் சுவர் முழு வட்டமாகும்.

போன ஊரில், தாழ் விழுந்த சத்தத்தில் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. விரல்கள் மரத்தன. கதவை உதைத்துத் திறந்து ஓடினான்.

பிறகு பஸ்ஸிலும் அதுவே வந்தது. பஸ்ஸை விட்டான். சலூனில் வந்தது. சலூனை விட்டான்.

டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத்தில் கோளாறில்லை, இது பேனிக் அட்டாக், உயிரை எடுக்காது என்றார். தானாக ஏறும், தானாக இறங்கும், அதுவரை ஓடாதீர்கள் என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஓடாமல் எப்படி இருப்பது என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.

இன்று சாயங்காலக் காட்சிக்கு வராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ரெஜினா அவனிடம் தொழில் படித்தவள். வயதில் மிகவும் இளையவள். அவளிடம் வந்து நிற்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் அவனைக் கிணற்றுக்குள் கூட்டிப்போனாள். கதவைத் திறந்தே வைத்தாள்.

"சுத்தி ஓடுங்க, மாஸ்டர்."

"எதுக்கு?"

"எனக்கு எடுத்ததும் வண்டியா கொடுத்தீங்க? இந்தத் தரையிலதான் சுத்தவிட்டீங்க. வாந்தி எடுத்தேன். ஒரு வாய் தண்ணி கொடுக்கலை."

"தலைசுத்தல் பழகணும்ல? பழகாம சுவர்ல ஏறினா, அது வந்ததும் பயந்து பிரேக்கைப் பிடிப்ப. விழுவ."

"ஓடுங்க."

ஓடினான்.

மூச்சு வாங்கியது. தலை சுற்றியது. நெஞ்சு அடித்தது. விரல்கள் மரத்தன.

"வந்துருச்சு" என்றான். கண் கதவுக்குப் போனது.

ரெஜினா தரையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"திறந்துதான் இருக்கு. போறதுன்னா போங்க. ஆனா, புதுசா வர்றவனுக்கு உங்க ஜிகினா சட்டை பத்தாது. அதை நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

அவன் கதவுப் பக்கம் ஓர் எட்டு வைத்தான். நின்றான். பலகையில் கையை ஊன்றினான். சக்கரம் ஓடி ஓடி மழுங்கிய பலகை. அதில் பாதி, அவன் சக்கரம் தேய்த்தது.

படபடப்பு ஏறியது. இன்னும் ஏறியது. சுவரின் உச்சியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வண்டி அதற்கு மேல் போகாது. அப்படி ஓர் இடத்தில் படபடப்பும் நின்றது.

அவன் நகரவில்லை.

"என்ன பண்ணுது?" என்றாள் ரெஜினா.

"இறங்குது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே" என்றான். சொன்ன பிறகு, அவனே அதை ஒருமுறை யோசித்துப் பார்த்தான்.

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"கதவைச் சாத்து."

"சாத்தினா மறுபடி வரும், மாஸ்டர்."

"வரட்டும்" என்றான் சுடலைமணி. "அதுக்கும் ஒரு டிக்கெட் கொடு."