எழுதிவைத்த கைதட்டல்

நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக எழுதினால் ஊரில் அதைப் பொய் என்பார்கள். கலையரங்கங்களில் அதற்குப் பத்திரிகைக் குறிப்பு என்று பெயர். விழா முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் மறுநாள் நாளிதழில் இடம் கிடைக்காது. ஆகவே குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பே "விழா சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலும் விழாவும் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நடந்துவிடும். ஒருமுறை நடக்கவில்லை. அந்தக் கதைதான் இது.

மயிலாப்பூர்ப் பக்கம் ஓர் அரங்கம். பெயர் வேண்டாம், நமக்கு ஏன் வம்பு. மக்கள் தொடர்பும் விழா ஏற்பாடும் கற்றுக்கொள்ள அங்கே இன்டர்னாகச் சேர்ந்தவள் சிந்துஜா. கல்லூரி முடித்த கையோடு வந்தவள். நாற்காலிகளில் பெயர் ஒட்டுவது, சிறப்பு விருந்தினரின் டிரைவருக்கு டிபன் வாங்கிக் கொடுப்பது, பத்திரிகைக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம் என்று செயலாளர் ஜகதீசன் ஆசை காட்டியிருந்தார்.

ஆண்டு விழாவில் மூத்த பக்கவாத்தியக் கலைஞர் ஒருவரை மேடையில் பாராட்டுவது அங்கே வழக்கம். ஒருவருக்கு ஒருமுறைதான். அந்த வருஷம் மோர்சிங் சபேசன். வாழ்நாளெல்லாம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தவர். போஸ்டரில் இடம் போதாவிட்டால் முதலில் காணாமல் போவது அவர் பெயர்தான். சிந்துஜாதான் அவருக்கு போன் செய்து சொன்னாள்.

"வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க சார். முன்வரிசையில இடம் போட்டிருக்கேன்."

"வீட்ல என் சம்சாரம் ஒருத்திதாம்மா. படுத்த படுக்கையா இருக்கா. பரவால்ல, நான் திரும்பி வந்து அவகிட்ட சொல்லிக்கறேன்."

விழாவுக்குச் சிறப்பு விருந்தினரான தொழிலதிபர் தாமதமாக வந்தார். வந்தவுடனே, விமானத்துக்கு நேரமாகிறது என்றார். ஏதாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும். தொழிலதிபரின் பேச்சை ஜகதீசனால் குறைக்க முடியாது, தன் பேச்சைக் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை. சபேசனைக் குறைத்தார். அவருக்கென்று வாங்கிய பொன்னாடை தொழிலதிபரின் மனைவி தோளுக்குப் போயிற்று. சபேசன் நன்றியுரை வரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றார். பிறகு பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லக்கூட சிந்துஜாவால் முடியவில்லை, தொழிலதிபரின் காரில் பூச்செண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். விழா தொடங்குமுன் அவள் எழுதி அனுப்பிவிட்ட பத்திரிகைக் குறிப்பு அவள் நினைவுக்கே வரவில்லை.

காலையில் நாளிதழ் நினைவுபடுத்தியது. "மோர்சிங் கலைஞர் சபேசன் பாராட்டப்பட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது." அவள் எழுதிய வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமல். நேரே ஜகதீசனிடம் போனாள்.

"தப்பா வந்துடுச்சுன்னு மறுப்பு போடச் சொல்லலாம் சார்."

"பைத்தியமா உனக்கு? நம்ம அரங்கத்தோட மானம் போயிடும். அவருக்கும்தான் பேர் வந்துடுச்சே, விடு."

அவள் விடுவதாக இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்து மறுப்பைத் தானே அடிக்க ஆரம்பித்தாள். பாதியில் போன் வந்தது. சபேசன்.

"அம்மா, ஒரு உதவி. பேப்பரைப் பாத்துட்டு அவ அழுதுட்டா. நானும், ஆமா, எல்லாரும் எழுந்து நின்னாங்கன்னு சொல்லிட்டேன். பேப்பர்ல மறுத்து எதுவும் போட்டுடாதீங்கம்மா. அவ ஒரு வரி விடாம படிப்பா."

"போடமாட்டேன் சார். சத்தியமா."

அநியாயம் செய்தவரும் அதை வாங்கிக்கொண்டவரும் ஒன்றையே கேட்டால் ஒரு சின்னப் பெண் என்ன செய்வாள்? அடித்ததை அழித்தாள். தன் பேச்சுக்குத்தான் கட்டுப்பட்டாள் என்று ஜகதீசன் நினைத்துக்கொண்டார். "பரவால்லயே, தொழிலைக் கத்துக்கிட்டே" என்று மெச்சினார். வேலை நிரந்தரமாயிற்று. அவர் நினைப்பு தவறு என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் நடந்தது. ஜகதீசனைத் தவிர எல்லாரும் புதியவர்கள், முந்தைய விழாவைப் பார்த்திராதவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, இம்முறை யாரைப் பாராட்டலாம் என்று பேசினார்கள். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த சிந்துஜா தயங்கித் தயங்கி சபேசனின் பெயரைச் சொன்னாள்.

ஜகதீசன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அவருக்குத்தான் போன வருஷமே பண்ணியாச்சே. பேப்பர்லகூட வந்துதே."

புதிய உறுப்பினர் ஒருவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

ஒரு பக்கம் சபேசனுக்குச் செய்த சத்தியம். மறுபக்கம், ஜகதீசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றாள்.

வேறொருவர் பெயர் முடிவாயிற்று.

சபேசன் தன் மனைவியிடம் பொய் சொன்னார். ஜகதீசன் குழுவிடம் சொன்னார். சிந்துஜா, வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னாள். மூன்று வாயிலும் ஒரே பொய். யோசித்துச் சொல்லுங்கள்: சபேசனுக்கு அந்த மேடை இனி என்றைக்குமே இல்லாமல் செய்தது யாருடைய பொய்?

விடை: ஜகதீசன் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அவர் பறித்தது உண்மை, ஆனால் பறித்ததைத் திருப்பி வாங்க அந்த அறையில் ஒரு வழி திறந்தது. சபேசன் விட்டுக்கொடுத்தது தன் சொந்த மரியாதையை, அதில் நாம் கேட்க ஒன்றுமில்லை. வழியை அடைத்தது சிந்துஜாவின் "ஆமா". பேப்பரில் மறுத்துப் போட வேண்டாம் என்றுதான் அவர் கேட்டார். சாத்திய கதவுக்குள் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. சத்தியத்தின் பெயரைச் சொல்லி அவள் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரை மேடைக்கு அழைத்திருப்பார்கள். படுக்கையில் இருந்த மனைவி அந்தச் செய்தியையும் படித்திருப்பார். மறுபடியும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார், இன்னொரு தரம் அழுதிருப்பார்.