கவிழ்ந்த படகைத் தட்டுகிற வழக்கம்

சிப்பிமூக்குத் துறையில் பாய்ப்படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் சலேத். வயது நாற்பதுதான். அவளிடம் மூன்று மாதமாகப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர் தாசையன். அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவளும் சளைக்காமல் "ஓய் எஞ்சினியரே" என்பாள்.

தாசையன் முப்பது வருஷம் பெரிய சரக்குக் கப்பல்களில் எஞ்சின் பார்த்தவர். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது பாருங்கள். ஆயுசில் பாதியைக் கடலில் கழித்தும் கடலைக் கண்ணாரப் பார்க்காத மனுஷன். ஓய்வு பெற்ற கையோடு அந்த ஆசை வந்து பிடித்துக்கொண்டது. ஒரு பாய்ப்படகு வாங்க வேண்டும், மனைவி எமல்டாவை ஏற்றிக்கொள்ள வேண்டும், மாலத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் படகிலேயே குடியிருந்து போக வேண்டும்.

பட்டறையில் தோதான படகு இரண்டு முட்டுக்கொடுத்து நின்றன. ஒன்று ஒற்றை உடல், அடியில் ஈயக்கட்டி. மற்றது இரண்டு உடலைப் பாலம் போட்டுச் சேர்த்தது. துறையில் ஒத்தை, ரெட்டை என்றே பேர். எது வேண்டும் என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மறுநாள் வேறு ஆள் பார்க்க வருகிறான்.

"டீச்சர், ஒத்தை கவுந்தா ஈயம் இழுத்துத் தானா நிமிந்துரும். ஆனா ஓட்டை விழுந்தா முங்கிரும்," என்றார் தாசையன்.

"சரி."

"ரெட்டை லேசுல கவுறாது. கவுந்துட்டா நிமிராது. ஆனா முங்காது."

"அதுவும் சரி."

"ரெண்டும் சரின்னா எது நல்லது?"

"நம்ம கட்டுமரத்தோட பேரைத்தான் வெள்ளைக்காரன் ரெட்டைக்கு வச்சிருக்கான். நம்ம மரம் கவுந்தா ரெண்டு பேரு புரட்டிப்போட்டு ஏறி உக்காந்துக்கிடலாம். இதைப் புரட்ட ஆனை வேணும். கடலுக்குள்ள ஆனைக்கு எங்க போவீரு?"

"விளையாடாதீங்க டீச்சர். எமல்டாவுக்கு நீச்சல் தெரியாது. அவளை ஏத்திக்கிட்டுப் போறவன் நான். அவ உசுரு என் கையில இருக்கு."

சலேத் கயிறு பின்னுவதை நிறுத்தினாள்.

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"கேட்டேன். 'உங்க இஷ்டம்'னா. அவ எப்பவும் அப்படித்தான்."

அந்நேரம் சலேத்தின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். எழுந்து கையைத் துடைத்தாள்.

"தெக்கே ஆறு மைல்ல ஒரு ரெட்டை கவுந்து கெடக்காம். இழுத்துட்டு வரணும். வாரும்."

"எனக்குப் பதில்?"

"வாரும்னேன்."

மூன்று நாளைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. அன்றைக்கோ இலை அசையவில்லை. மோட்டார் படகில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கடல் கஞ்சித்தண்ணீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

கடற்பறவைகள் ஏழெட்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை பார்த்த பக்கத்தில்தான் அது கிடந்தது. ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் குப்புறப் படுத்த மாதிரி, இரண்டு வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. பக்கத்தில் கயிற்றில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. காற்றும் இல்லை, அலையும் இல்லை. எது அதைச் சுழற்றியதோ!

சலேத் மோட்டாரை நிறுத்தினாள். தாசையன் இழுக்கிற வடத்தை எடுத்தார்.

"வடத்தைக் கீழ வையும். முதல்ல தட்டும்."

"எதை?"

"படகை. கவுந்து கெடக்கிற எதையும் தட்டாமத் தொடக்கூடாது. அது எங்க துறை வழக்கம். மூணு தட்டு. பிறகு காதை வச்சுக்கிட்டு மூணு விசுவாசப்பிரமாணம், கோயில் பூசையில சொல்ற நீளச் செபம். மனசுக்குள்ள சொல்லும். வேகமாச் சொல்லாதேயும்."

தாசையன் துடுப்பின் பிடியால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் உள்ளே போய் எங்கோ விழுந்தது. காதை வைத்தார்.

உள்ளே தண்ணீர் புரண்டது. தூக்கத்தில் யாரோ உமிழ்நீர் விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. முதல் விசுவாசப்பிரமாணம் முடிந்தது.

"யாரும் இல்ல டீச்சர்."

"ரெண்டு பாக்கி."

இரண்டாவதைச் சொன்னார். வெயில் பின்கழுத்தைச் சுட்டது, காது மட்டும் குளிர்ந்தது. முப்பது வருஷம் அவர் இருந்தது இந்த மாதிரி ஒரு சுவருக்கு உள்பக்கம். வெளியே இருந்து யாராவது காது வைத்திருந்தால் தன் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"மூணு நாளாச்சு டீச்சர். உள்ள இருந்தாலும் பொணமாத்தான்..."

"ஒண்ணு பாக்கி. வாயை மூடிக்கிட்டுச் சொல்லும்."

மூன்றாவதில் பாதி தாண்டியிருப்பார்.

டொக்.

ஒரே ஒரு தட்டு. அவர் கன்னத்துக்கு நேர் கீழே. நடுவில் ஒரு பலகை அளவுதான் இடைவெளி.

தாசையன் காதை எடுக்காமலே சலேத்தைப் பார்த்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

வெகு நேரம் கழித்து, இன்னொரு டொக்.

அவ்வளவுதான், தாசையன் கோடாலியைத் தூக்கிவிட்டார். சலேத் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன செய்யப் போறீரு?"

"ஆள் இருக்கு! வெட்டித் தெறக்கணும்!"

"வெட்டினா உள்ள அடைஞ்சிருக்க காத்து வெளிய போயிரும். தண்ணி மேல ஏறும். அந்த ஆளு மூணு நாளா அந்தக் காத்துலதான் உசுரு வச்சிருக்காரு. எஞ்சினியரு ஓய் நீரு!"

அவர் கோடாலியைக் கீழே போட்டார். சலேத் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா, நீரும் இழும்."

குதித்தாள். தண்ணீர் அவளை விழுங்கிவிட்டு மறுபடி கஞ்சியாகிவிட்டது. கயிறு படகின் அடிக்குள் போய் நின்றது.

தாசையன் தனியாக நின்றார். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் இல்லை, பேச்சும் இல்லை. பறவைகள் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்க யாரும் இல்லாமலே இன்னொரு விசுவாசப்பிரமாணம் சொன்னார். அது முடிந்து அடுத்ததும் முடிந்தது.

கயிறு இரண்டு தரம் இழுத்தது.

வெளியே வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். மூன்று நாள் ஊறவைத்த அரிசி மாதிரி தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பேர் பெஸ்கி என்றான். கொச்சியிலிருந்து அந்தப் படகைத் தனியாக ஓட்டிவந்தவன். தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு தாசையனின் முகத்தையே பார்த்தான்.

"நேத்தும் வந்தீங்கல்லா?"

"நாங்க இல்ல தம்பி. இன்னைக்குத்தான் வந்தோம்."

"நேத்து வந்தாங்க. மூணு தட்டு கேட்டுது. நான் கையத் தூக்கினேன். கை மேல வந்து சேருறதுக்குள்ள மோட்டார் சத்தம் தூரப் போயிட்டு."

கவிழ்ந்ததை இழுத்துக்கொண்டு கரை சேர இரண்டு மணி நேரம் ஆனது. மோட்டார் படகின் தரையில் பெஸ்கி ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. அவனுடைய ஒற்றை விரல் மட்டும் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தது. தட்டுவது அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

கரையில் காத்திருந்த ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. தாசையன் பட்டறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

"ரெட்டைதான் டீச்சர்! கண்ணால பாத்தாச்சு. கவுந்தாலும் முங்கல. உள்ள ஆளை வச்சுக் காப்பாத்தியிருக்கு."

சலேத் தலைமுடியைப் பிழிந்துகொண்டே நடந்தாள். ரெட்டையிடம் போகவில்லை. ஒத்தையின் நிழலில் போய் நின்றாள். தாசையனும் போய் அதன் மேல் கை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இந்த ஒத்தை எங்கிருந்து வந்துதுன்னு கேட்டீரா?"

"யாரோ வித்துட்டுப் போனதுன்னாங்க."

"வித்தது படகோட சொந்தக்காரங்க. ஓட்டி வந்தவரு வேற. போன வருசம் தவக்காலத்துல இந்தக் கடல் வழியாப் போச்சு. பெருங்காத்துல ஒரு சுத்து உருண்டு நிமிந்திருக்கு. நீரு படிச்ச மாதிரியேதான். ஒரு கீறல் இல்ல. பாய் கூடக் கிழியல."

"பாத்தீங்களா!"

"அதுல இருந்தவருக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பின்னால சுக்கான் பக்கத்துல சாஞ்சு கெடந்தாரு. நாலு நாளு நாங்க வலை போடுற எடத்துலயே அங்கயும் இங்கயுமாச் சுத்திச்சு. பாக்கிறதுக்கு ரொம்ப அழகு. பாய் நிமிந்து நிக்கி. ஆளு உக்காந்திருக்காரு. எங்களப் பாத்தா கையத் தூக்குவாரு."

"அப்புறம்?"

"நாங்களும் தூக்கினோம்."

பட்டறையில் யாரோ உளி அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

"நீங்களுமா டீச்சர்?"

"முத ஆளு நான். சிரிச்சுக்கிட்டே தூக்கினேன். 'பாரு, எப்படி சொகமாப் போறாரு'ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன்."

தாசையன் ஒத்தையின் பின்பக்கத்துச் சுக்கானைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சாம் நாளு தானாவே கரைக்கு வந்துது. அப்பவும் அவரு கை அசைஞ்சுது. அலைக்குத் தக்கன."

தாசையன் படகின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வழக்கம் தெரிஞ்ச துறைதானே இது. அந்தப் படகை ஒருத்தரும்..."

"நிமிந்து நிக்கிற படகை யாரு ஓய் தட்டிப் பாப்பா?"

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரெட்டையின் நிழலும் அவர்கள் காலடிவரை வந்துவிட்டது.

"அப்ப நான் எதை வாங்க?" என்றார் தாசையன். "இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாமா?"

"நான் எதையும் வேண்டாம்னு சொல்லலியே. எமல்டாகிட்ட கேட்டேன்னு சொன்னீரு."

"கேட்டேன் டீச்சர். சத்தியமா."

"கேட்டுட்டு எவ்வளவு நேரம் நின்னீரு?"

தாசையன் வாயைத் திறந்தார். காலையில் கேட்டது ஞாபகம் வந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டது. அதற்கு முன்னால், வீடு மாறும்போது கேட்டது. அதற்கும் முன்னால், ஒவ்வொரு கப்பல் ஏறும்போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனார். எமல்டா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, பலகையில் வைத்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எமல்டா, எந்தப் படகு வாங்கட்டும்?"

"உங்க இஷ்டம்." அவள் தலை நிமிரவில்லை.

தாசையன் செருப்பைக் கழற்றினார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். மனசுக்குள் முதல் விசுவாசப்பிரமாணத்தைத் தொடங்கினார். வேகமாகச் சொல்லவில்லை.

முதலாவது முடிந்தது. கத்தி சுரண்டிக்கொண்டே இருந்தது.

"என்ன, போகலியா? சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்னீங்களே."

அவர் போகவில்லை. பேசவும் இல்லை. இரண்டாவது முடிந்தது. எமல்டா ஒருதரம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

மூன்றாவதில் பாதி தாண்டியிருக்கும். சுரண்டுகிற சத்தம் நின்றது.

கத்தியின் பின்பக்கம் பலகையில் ஒருமுறை தட்டியது.

தாசையன் அசையாமல் இருந்தார்.

வெகு நேரம் கழித்து, இன்னொருமுறை தட்டியது.