வேப்பிலை இல்லாத வாசல்கள்

கொள்ளைநோய் வந்தால் எந்த நாடு தாங்கும் என்று அளந்துவர அரசர் செங்கோடனை அனுப்பியிருந்தார். நாடு நாடாக நடந்து திரும்பியபோது அவனுக்குப் பேசவே தெம்பில்லை.

அதற்குள் நோய் அவன் ஊர்த் துறைமுகம் வரை வந்துவிட்டது. மகள் பூவாயியையும் அவள் கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, குருவிடம் விடைபெற வந்தான்.

குரு ஆதிரை அம்மையார் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு அப்போதுதான் சுவரில் சாய்ந்திருந்தார்.

"எங்கே?"

"குன்ற நாட்டுக்கு, அம்மா. நான் அளந்ததில் அதுதான் முதல். நூறு வைத்தியர்கள். கிடங்கு நிறைய மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே நோயே இல்லை."

"எப்படித் தெரியும்?"

"நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்களே. அங்கே ஒரு வாசலில்கூட இல்லை. முழு மதிப்பெண் போட்டேன்."

"கடைசி?"

"கழி நாடு. தெருவெல்லாம் வேப்பிலைதான்."

குரு எழுந்து வண்டியருகே போனார்.

"இந்த வெயிலில் பிள்ளைக்கு எதற்கம்மா இத்தனை போர்வை?"

"காற்று படக்கூடாதுன்னுதான்," என்றாள் பூவாயி.

குரு போர்வைக்குள் கையை விட்டார். பிஞ்சுக் கால் கொதித்தது.

"எப்போதிலிருந்து?"

பூவாயி அப்பாவைப் பார்த்தாள். பிறகு மாட்டைப் பார்த்தாள். "நேற்று சாயங்காலத்திலிருந்து."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" செங்கோடன் கத்தினான்.

"சொன்னால் எல்லையில் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும், அப்பா. குன்ற நாட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தனியே தூக்கிப் போய்விடுவார்களாம். சந்தையில் சொல்கிறார்கள்."

"எல்லை தாண்டிய பிறகு என்ன செய்வாய்?" என்று குரு கேட்டார்.

"அப்போதும் மறைக்கத்தான் வேண்டும்."

செங்கோடன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "வீடு வீடாகப் போய்க் கேட்டேனே, அம்மா. எல்லாரும் சுகம் என்றுதானே சொன்னார்கள்?"

"இவளும் உன்னிடம் அப்படித்தானே சொன்னாள்?"

குரு ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பூவாயியிடம் கொடுத்தார்.

"கழி நாட்டில் என்ன சொன்னார்கள்?"

"அங்கே என்னை எங்கே கேட்கவிட்டார்கள்? 'அளந்தது போதும், இதை முதலில் பாருமய்யா' என்று ஒருத்தி தன் பிள்ளையை என் மடியிலேயே கிடத்திவிட்டாள்."

"அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டாய்?"

"குறைத்தேன்."

குரு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைக் கழி நாட்டுப் பாதைக்குத் திருப்பினார்.

"அம்மா, அங்கே வைத்தியர் இரண்டே பேர்," என்றான் செங்கோடன். "அதிலும் ஒருவருக்குக் காது மந்தம்."

"அதனாலென்ன? இவள் உரக்கக் கூப்பிடட்டும். அங்கே கூப்பிடலாம்."