தேக்குப் பெட்டகத்தின் நாலாவது அறை

செம்மலைநாட்டு அரசன் கோமாறனுக்கு வாளைக் கண்டு பயம் கிடையாது, மதயானையைக் கண்டும் பயம் கிடையாது. மைத்துனர் திரிபுராந்தகர் தொண்டையைக் கனைத்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும். கனைப்புக்குப் பின்னால் பாட்டு வரும். பக்கத்தில் ராணி உட்கார்ந்திருப்பாள். பாடுவது அவள் தம்பி. பாவம், அரசன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பான்.

இந்த ரகசியத்தை அவன் சொன்னது நல்லசாத்தன் ஒருவனிடம்தான். வந்துபோகும் விருந்தாளிகள், சபையோர் எல்லாருக்கும் ஆளுக்கோர் ஓலை எழுதி வைப்பது சாத்தனின் வேலை. ஓலைக்கு நாலு வரி. பெயர், ஊர், பதவி, நாலாவதாக அந்த ஆளுக்கு ஆகாதது. இந்த நாலாவது வரி சாத்தனின் சொந்தச் சரக்கு, வேறெந்த நாட்டு ஓலையிலும் கிடையாது. அதைச் சாத்தன் வாசித்துச் சொல்லித்தான் சமையல்காரர் முதல் கிடங்குக்காரர் வரை பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குறை, எந்த வரி என்ன என்று அவன் தலைப்பு எழுதுவதில்லை. எல்லாம் எனக்குத்தான் தெரியுமே என்ற மிதப்பு.

ஒருநாள் திரிபுராந்தகர் வடக்கிலிருந்து ஒரு தேக்குப் பெட்டகத்தோடு வந்து இறங்கினார். ஆளுக்கு நாலு அறை. மேலே பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது: பெயர், ஊர், பதவி, பரிசு.

“அத்தான், ஓலைக் குப்பையெல்லாம் இதற்குள் மாற்றிவிடலாம். முதலில் விருந்தாளிகள், பிறகு சபையோர். முடிந்ததும் ஓலைகளை அடுப்பில் போடலாம், சாத்தனை வீட்டுக்கு அனுப்பலாம்.”

ராணி தம்பியைப் பெருமையோடு பார்த்தாள். அரசன் சரி என்றான்.

எழுத்தர்கள் மூன்றே நாளில் விருந்தாளிகளை மாற்றி முடித்தார்கள். முதல் வரி முதல் அறைக்கு, நாலாவது வரி நாலாவது அறைக்கு. நாலுக்கு நாலு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. யாருக்குச் சந்தேகம் வரும்?

சாத்தனுக்கு வந்தது. கிடங்கில் பட்டுத்துணி மேல் ஒரு தங்கச் சீப்பு பளபளத்தது.

“இது யாருக்கு?”

“நாளை வருகிறாரே மேல்மலைத் தலைவர் வல்லங்கோன், அவருக்கு. பெட்டகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்றான் கிடங்குக்காரன்.

வல்லங்கோன் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. சீப்பைக் கண்டாலே கத்தியை உருவுகிற மனிதர். செம்மலைநாட்டு வயலுக்கெல்லாம் தண்ணீர் விடும் மதகு அவர் கையில் இருந்தது. அவர் கோபித்துக்கொண்டு போனால் நாடே காய்ந்துவிடும்.

திரிபுராந்தகரிடம் ஓடினான். “ஐயா, அது பரிசு இல்லை. அவருக்கு ஆகாதது. வரி தவறான அறையில் உட்கார்ந்துவிட்டது.”

“ஒரு வரியாவது தொலைந்ததா?”

“தொலையவில்லை.”

“பிறகென்ன? வேலை போகிற வயிற்றெரிச்சலில் உளறாதே. நடையைக் கட்டு.”

அரசனிடம் போகலாம். ராணி இருக்கும்போது அங்கேயும் மைத்துனர் பேச்சுதான் எடுபடும். சாத்தன் இடுப்பில் மறைத்து வைத்திருந்த ஓர் ஓலையை எடுத்து எழுத்தரிடம் பணிவாக நீட்டினான்.

“ஒன்று விட்டுப்போயிற்று. இதையும் ஏற்றிவிடுங்கள்.”

மறுநாள் ராணி கோவிலுக்குப் போயிருந்தாள். சாத்தன் அதையும் விசாரித்து வைத்திருந்தான். சபை கூடியதும் எழுந்தான்.

“புதுப் பெட்டகத்தின் முதல் பரிசு அரசருக்குப் போவதுதானே முறை?”

“வீட்டுக்குப் போகிற நேரத்தில் புத்தி வந்திருக்கிறது” என்று திரிபுராந்தகர் அரசனுடைய நாலாவது அறையைத் திறந்தார். வாசித்தார். கண் கலங்கிவிட்டது.

“அத்தான், இத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தீர்களே!” என்று தழுதழுத்தவர், சபைக்கும் வாசித்துக் காட்டினார். “பரிசு, மைத்துனர் பாட்டு.”

தொண்டையைக் கனைத்தார். ஒன்றரை நாழிகை பாடினார். இரண்டாம் பாட்டுக்குச் சுருதி சேர்த்தபோது அரசன் எழுந்தே விட்டான்.

“போதும்! யார் இதைப் பரிசு என்று சொன்னது?”

“சாத்தன் ஓலையில் நாலாவது வரி, அத்தான்.”

“எனக்கு ஆகாததைத்தானய்யா அவன் நாலாவது வரியில் எழுதினான்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அரசனுக்கு உறைத்தது. சபை தரையைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கியது. திரிபுராந்தகர் முகம் தொங்கிப்போயிற்று.

“அப்படியானால் வல்லங்கோனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்றான் அரசன், குரல் இறங்கி.

பரிசோடு வந்து நின்ற கிடங்குக்காரன் பட்டுத்துணியைப் பிரித்துத் தங்கச் சீப்பைக் காட்டினான். அதே நேரம் கோட்டை வாசலில் மேல்மலை முரசு கேட்டது.

“சாத்தா, என்ன செய்வது?”

“சீப்பை ஒளித்துவிட்டு ஒரு குதிரையைக் கொடுங்கள், அரசே. அவர் ஓலையில் குதிரையைப் பற்றி ஒன்றும் இல்லை.”

வல்லங்கோன் குதிரையைத் தடவிக்கொடுத்து, அதன் மேலேயே ஏறி ஊருக்குப் போனார். மூன்றாம் நாள் மதகு திறந்தது. அரசன் தன் கைக் கங்கணத்தைக் கழற்றிச் சாத்தனுக்குப் போட்டான். வேலையும் திரும்பக் கிடைத்தது.

“இன்னும் ஏதாவது வேண்டுமா?”

“ஒன்றே ஒன்று, அரசே. ‘ஆகாதது’ என்று பித்தளையில் தலைப்புப் போட்டு ஐந்தாவது அறை ஒன்று செய்யுங்கள். அதுவரை சபையோர் ஓலைகளைப் பெட்டகத்தில் ஏற்ற வேண்டாம்.”

“ஏன், ஏற்றினால் என்ன?”

“நூற்றிருபது ஓலையிலும் நாலாவது வரி உங்கள் ஓலையில் உள்ளதேதான்.”

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.