தையல்சிட்டின் கூட்டில் நூல் முனை ஏன் தொங்குவதில்லை

நூல் முனையைப் பிடித்து இழுத்தது நீதான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. சட்டை ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இப்போதும் உன் விரல் சும்மா இருக்கிறதா? இருக்காது. அந்த விரல்தான் அன்றைக்கும் இழுத்தது. நீ இல்லை என்றால் உன் பாட்டன், அவனும் இல்லை என்றால் அவனுக்குப் பாட்டன். ஆள் மாறியிருக்கலாம், கை மாறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.

அந்தக் காலத்தில் மனிதருக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றுதான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து திட்டினால் மரத்திலிருந்து பதில் திட்டு வரும். அப்போது ஒரு சிட்டு இருந்தது. கட்டைவிரல் பருமன் உடம்பு. இளம்பச்சை முதுகு, செம்மண் நிறத்தில் உச்சந்தலை. வாய் மட்டும் ஊர் அளவு. தையல்சிட்டு என்ற பெயரெல்லாம் அன்றைக்கு அதற்குக் கிடையாது. தைக்கவே தெரியாததற்கு அந்தப் பெயர் எப்படி வரும்? வெறும் சிட்டுதான்.

கூடு கட்டவும் அதற்குத் தெரியாது. காக்கையைப் போலக் குச்சி தூக்க வலு இல்லை. தூக்கணாங்குருவியைப் போலப் பின்னப் பழக்கம் இல்லை. இரண்டு இலைக்கு நடுவில் கொஞ்சம் புல்லைத் திணித்து முட்டையிடும். காற்றடித்தால் இலை ஒரு பக்கம் போகும், முட்டை ஒரு பக்கம் போகும். இரண்டு வருடம் இப்படிப் பறிகொடுத்தது. மூன்றாம் வருடம் முட்டையிடும் காலம் நெருங்கியபோது, "இந்தத் தடவையும் மண்ணுல போட்டேன்னா நான் ஒரு தாயா?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது.

ஊர்க் கடைசி வீட்டில் மாராயி என்று ஒருத்தி இருந்தாள். தறிக்காரர்களுக்கு நூல் நூற்றுக் கொடுப்பது அவள் பிழைப்பு. அவள் வீட்டிலிருந்து ஒரு பொருளும் குப்பைக்குப் போனதில்லை. வேட்டி கிழிந்தால் தலையணை உறையாகும். உறை கிழிந்தால் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். அதுவும் நைந்துபோனால் விளக்குத் திரி. வாய் உடைந்த பானையில் கீரை முளைத்திருக்கும். அடி ஓட்டையான அண்டாவுக்குள் கோழி அடைகாக்கும். "என் வீட்டுல செத்துப்போன சாமானே கிடையாது. வேலை மாறின சாமான்தான்" என்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றடிப் பூவரச மரத்தில் உட்கார்ந்து சிட்டு அதைப் பார்த்தது. ஊசி துளை போட்டது. நூல் பின்னாலேயே போனது. இரண்டு துணி ஒரு துணியானது.

சிட்டுக்குப் பொறி தட்டியது. இரண்டு துணி ஒன்றாகும் என்றால் ஓர் இலையின் இரண்டு ஓரமும் ஒன்றாகாதா? ஊசிக்கு எங்கும் அலைய வேண்டாம், மூக்கிலேயே இருக்கிறது. நூல்தான் இல்லை.

"அக்கா, எனக்கு நூல் வேணும்."

"எதுக்குடி? பாவாடை தைக்கப் போறியா?"

"வீடு தைக்கப் போறேன்."

மாராயி வாய்விட்டுச் சிரித்தாள். மடியில் கிடந்த நறுக்கு நூல்களைப் பொறுக்கினாள். விரல் நீளத்தில் சில, அரை விரல் நீளத்தில் சில. அள்ளி நீட்டினாள். "இந்தா, எடுத்துக்கோ. சும்மாவே தர்றேன்."

சிட்டு ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது. "நீ கழிச்சுப் போட்டதை என் தலையில கட்டப் பாக்குறியா? எனக்கு ஒரே நூலா வேணும். புது நூல். ஏழு முழம். நடுவுல ஒட்டு இருக்கக் கூடாது."

"ஏழு முழமா! உன்னைத் தலையோட காலாச் சுத்தினாலும் அரை முழம் தாங்க மாட்டியேடி!"

"உன் அவரைப் பந்தல்ல எத்தனை புழு இருக்குன்னு தெரியுமா?"

மாராயியின் சிரிப்பு நின்றது. அந்த வருடம் அவரையில் பிஞ்சு பிடிக்கவே இல்லை.

"பத்து நாள் புழு பொறுக்கித் தர்றேன். ஏழு முழம்" என்றது சிட்டு.

"இருபது நாள். நாலு முழம்."

"நாலு முழத்துல வீடு தைச்சா என் வால் வெளியில கிடக்கும்."

"கிடக்கட்டும். கரிச்சான் குருவிகிட்டச் சொன்னா இனாமாவே பொறுக்கும்."

"சொல்லேன்! அது உக்காந்தா புழுவோட சேர்ந்து கொடியும் ஒடியும். என்னைப் பாரு." சிட்டு பறந்துபோய் அவரைக் கொடியின் நுனியில், பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. கொடி அசையக்கூட இல்லை.

மாராயி கொடியைப் பார்த்தாள், சிட்டைப் பார்த்தாள். "சரியான வாயாடி! பதினஞ்சு நாள், அஞ்சு முழம். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசின, ஊசியால குத்திடுவேன்."

பேரம் முடிந்தது.

சிட்டு அகலமான பூவரச இலை ஒன்றைத் தாழ்ந்த கிளையில் தேர்ந்தெடுத்தது. அடியிலிருந்து தொடங்கி, இந்த ஓரம் ஒரு குத்து, அந்த ஓரம் ஒரு குத்து என்று மாராயி தைத்தது போலவே ஓட்டுத்தையல் போட்டு மேலே போய், திரும்பவும் கீழே வந்தது. உச்சி வெயிலுக்குள் இலை சுருண்டு ஒரு பை போல ஆகிவிட்டது. உள்ளே புல்லை வைத்து மெத்தென்று ஆக்கியது. நூல் ஒரு சாண் மிஞ்சிக் கீழே தொங்கியது.

தண்ணீர் இறைக்க வந்த மாராயி அண்ணாந்து பார்த்தாள். "அடேயப்பா, நான் தைச்சாக்கூட இப்படி வராது. முனையில ஒரு முடிச்சைப் போட்டு மீதியைக் கடிச்சு எறி."

"எறியுறதா! புழு தின்னு சம்பாதிச்ச நூலு, அக்கா. முடிச்சுப் போட்டா அப்புறம் அவிழ்க்க வராது. குஞ்சு பறந்ததும் முனையைப் பிடிச்சு உருவி, அடுத்த வருஷத்துக்கு வச்சுக்குவேன். எதையும் வீணாக்கக் கூடாதுன்னு உன்னைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டேன்?"

மாராயிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சிட்டு மூன்று முட்டை இட்டது. வெளிர் நீலத்தில் பழுப்புப் புள்ளி. காக்கை, அணில், தூக்கணாங்குருவி எல்லாரையும் தனித்தனியாக அழைத்து வந்து காட்டியது. "தொடாம பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொன்னது.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் புழு பொறுக்கிவிடலாம் என்று சிட்டு அவரைப் பந்தலுக்குப் போயிருந்தது. அந்த நேரத்தில்தான் கிணற்றடிப் பாதையில் ஓர் ஆள் வந்தது. தலைக்கு நேரே ஒரு நூல் ஆடுவதைப் பார்த்தது. கையை நீட்டிப் பிடித்து இழுத்தது.

எதற்கு? சும்மா. பசியில்லை, பகையில்லை. நூல் தொங்கியது, இழுத்தது. முடிச்சில்லாத நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்ததால் இன்னும் இழுத்தது. ஐந்து முழமும் கைக்கு வந்ததும் விரலில் சுற்றிப் பார்த்து, அலுத்துப்போய், கிணற்றுக்குள் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டது. மேலே என்ன ஆனது என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

மேலே இலை மெல்ல விரிந்தது. ஒரு முட்டை உருண்டு கல்லில் விழுந்து உடைந்தது. மற்ற இரண்டும் இலை மடிப்பில் புல்லோடு சிக்கி, இதோ விழப்போகிறோம் என்று நின்றன.

அலகில் புழுவோடு திரும்பி வந்த சிட்டு அதைப் பார்த்தது. புழுவை உதறிவிட்டு நேராக மாராயியின் தலைக்கு மேல் போய்க் கத்தியது. "கொடுத்த நூலைப் பிடுங்கிட்டியே! என் வேலை முடிய இன்னும் மூணு நாள் பொறுக்க மாட்டியா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"யாருடி பிடுங்கினது? என் கையில உன் நூல் இருந்தா இந்தக் கையை ஒடிச்சுப் போடு!" என்று கத்திக்கொண்டே எழுந்து வந்தாள் மாராயி. மரத்தடிக் கல்லைப் பார்த்தாள். சட்டென்று கையை உயர்த்தி இலைக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தினாள்.

"நான் பிடிச்சுக்கிறேன். நீ தை."

"எதை வச்சுத் தைக்க?"

அன்று காலையில்தான் நூற்ற நூல் மொத்தமும் தறிக்குப் போயிருந்தது. வீட்டில் ஒரு முழம்கூட இல்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் நறுக்கு நூல்கள் மட்டும் கிடந்தன. காற்று வேறு எழும்பிவிட்டது. மறு கையால் பையை அவிழ்த்துக் காட்டினாள். இந்த முறை சிட்டு பேரம் பேசவில்லை.

விரல் நீள நூல் ஒன்றைக் கவ்வி, இலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் துளையிட்டு நுழைத்தது. இலை விறைத்ததும் நூல் வழுக்கி வெளியே வந்தது. இன்னொன்றை நுழைத்தது. அதுவும் வந்தது. மூன்றாவதும் வந்தபோது சிட்டுக்கு வந்ததே கோபம்! "நீயும் என்னை ஏமாத்துறியா?" என்று நூலின் முனையைக் கொத்து கொத்தென்று கொத்திப் பிய்த்தது. பிய்ந்த முனை பூப்போல விரிந்துகொண்டது. விரிந்த முனை துளைக்குள் திரும்பிப் போகவில்லை. அங்கேயே இறுகி நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடியே, கோபத்துக்கு இப்படியும் ஒரு பலனா!" என்றாள் மாராயி. "பிய்க்கிறதுக்கு நூலைவிடப் பஞ்சு நல்லது. ஏ அணிலு! மரத்துல உக்காந்து வேடிக்கை பாக்குறியே, ஓடு! உள்ளே பரண்ல கிழிஞ்ச தலையணை இருக்கு. பஞ்சு எடுத்துட்டு வா!"

"எவ்வளவு?"

"உன் வாய் கொள்ற அளவு!"

அணில் ஓடியது. ஒரு நடை, இரண்டு நடை, பத்து நடை. அன்றைக்குத் தெரிந்துகொண்ட வழியை அணில் இன்னும் மறக்கவில்லை என்பது உங்கள் வீட்டுத் தலையணையைக் கேட்டால் தெரியும்.

சிட்டு ஒவ்வொரு துளையிலும் ஒரு பஞ்சை நுழைத்து, வெளிமுனையைப் பிய்த்து விரித்தது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் உறவே இல்லை. பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் மாராயியின் கைவழியே இறங்கி முழங்கையில் சொட்டியது. தோள் மரத்துப்போனது. "சீக்கிரம் தை, வாயாடி" என்று திட்டினாளே தவிர கையை இறக்கவில்லை.

கடைசித் தையல் முடிந்ததும் உள்ளங்கையை அரிசி அளவு, அரிசி அளவாகக் கீழே இறக்கினாள். இலை நின்றது. முட்டை இரண்டும் உள்ளே இருந்தன. சிட்டு வேண்டுமென்றே ஒரு பஞ்சைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. அது ஒன்றுதான் வந்தது. மற்றவை அசையவில்லை.

மறுநாள் மரத்தடியில் விசாரணை.

"நான் நூறு நார் வச்சுப் பின்றவன். உன் ஒத்தை நூல் எனக்கு எதுக்கு?" என்றது தூக்கணாங்குருவி.

"நான் எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடுவேன். எங்க குலத்துல திருட்டுக்கு வெக்கப்படுறதில்லை" என்றது காக்கை. "ஆனா நான் பார்த்தேன். இழுத்த கையில அஞ்சு விரல் இருந்துச்சு."

"முகம்?"

"முகத்தை யார் பார்த்தா? கையில முறுக்கு இருக்கான்னுதான் பார்த்தேன்."

சிட்டு ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கேட்டது. எல்லாரும் "நான் இல்லை" என்றார்கள். சொல்லும்போதே சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மாராயி ஒருத்திதான், "நான் அன்னைக்கே வாய் திறந்து முடிச்சுப் போடச் சொல்லிச் சண்டை பிடிச்சிருக்கணும்டி" என்று கண்ணைத் துடைத்தாள். இரண்டு குஞ்சுகளும் அவரைப் பந்தல் புழுவில்தான் வளர்ந்தன. பதினைந்து நாள் கணக்கு எப்போதோ முடிந்துபோனதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

தையல்சிட்டு நீள நூலை நம்பாமல் பஞ்சும் நறுக்கும் சிலந்தி நூலும் கொண்டு ஒவ்வொரு தையலையும் தனித்தனியாகப் போடுவதும், இழுக்க ஒரு முனையைக்கூட வெளியே விடாததும் அன்று முதல்தான். காடு அத்தனை பெரிதாக இருக்க, அது நம் வீட்டுச் செடியிலேயே குடியிருந்து, அந்தச் சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய சத்தத்தில் யார் இழுத்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான். ஐந்து விரல் உள்ள ஒவ்வொருவரையும் அது கேட்கிறது.

இப்போது சொல், உன் கை எங்கே? முன்னால் நீட்டு. அடிக்க மாட்டேன். ஒரு கொட்டாங்குச்சியை எடு. ஓரத்தில் இரண்டு துளை போட்டு, கயிறு கோத்து, ஜன்னலுக்கு வெளியே கட்டு. உதறிப்போட்ட பஞ்சையும் துணி நறுக்கையும் அதில் வை. எதுவும் விரல் நீளத்தைத் தாண்ட வேண்டாம், நீள நூல் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். உடைந்த முட்டையை உன்னால் ஒட்டவைக்க முடியாது. இதையாவது செய். இந்த மழைக்கு முன்னால் செய். எழுந்திரு!