சாரைக்கு யாரைத் தெரியும்?

ஜவ்வாது மலையடிவாரத்தில் உண்ணாமலை அம்மையின் மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. நாலு ஓட்டு அறைகள், ஒரு கிணறு, பின்னால் ஒரு கேழ்வரகுக் கொல்லை. அம்மைக்கு நாற்பத்து நான்கு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபது.

தணிகாசலம் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றி அவர் பேசியதில்லை. அம்மையும் கேட்டதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் கொல்லையைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டது. முறுக்கி முறுக்கி வலை அதன் கழுத்துக்குக் கீழே சதையில் இறங்கிவிட்டது. சமையல்காரர் பச்சைமுத்து தடியெடுத்துக்கொண்டு ஓடினார். தணிகாசலம் அவரைத் தடுத்துவிட்டு ஒரு பிளேடோடு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு இழையாக அறுத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் அது அவரை இரண்டு முறை கடித்தது. அவர் பிடியை விடவில்லை.

அம்மை வந்து பார்த்தார்.

"புண் ஆறினதும் விட்டுடுங்க" என்றார்.

மடத்தின் பின்னால் தண்ணீர் இல்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. தணிகாசலம் அதில் மண் பரப்பி, இரண்டு உடைந்த ஓடுகளைக் கவிழ்த்து வைத்து, மேலே கம்பிவலை போட்டார். புண்ணுக்கு மஞ்சள் தடவினார். தானிய அறையில் பொறியில் விழும் எலிகளைக் கொண்டுபோய்ப் போட்டார். அதற்கு ராசா என்று பெயரும் வைத்தார்.

"ராசாவோ ராணியோ, யாருக்குத் தெரியும் அண்ணே?" என்றார் பச்சைமுத்து.

ஆவணி முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. பாம்பு தோல் உரித்தது. புதுத் தோலில் ஒரு மங்கலான கோடு மட்டும் மிஞ்சியது. தணிகாசலம் அதை விடவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசியும் வந்தது.

ஒரு காலையில் அம்மை தொட்டிப் பக்கம் வந்தார்.

"இன்னும் விடலையா?"

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார். "அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இதுக்கு என்னைத் தெரியுது. நம்மளைத் தெரிஞ்ச ஒரு ஜீவனை எப்படிம்மா கொண்டுபோய் விடறது?"

"தெரியுதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"பாருங்க."

அவர் பச்சைமுத்துவைக் கூப்பிட்டுத் தொட்டிக்குள் கையை நீட்டச் சொன்னார். பச்சைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார். பாம்பு கழுத்தைப் புடைத்துச் சீறிவிட்டு ஓட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. பச்சைமுத்து ஒதுங்கியதும் தணிகாசலம் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தலை மெல்ல வெளியே வந்தது. விரலைத் தொட்டது. முன்கையைச் சுற்றிக்கொண்டு தோள்வரை ஏறியது.

அம்மை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. தெரியலைன்னா விட்டுடுவீங்களா?"

"தெரியலைன்னா..." தணிகாசலம் பாம்பைப் பார்த்தார். "தெரியலைன்னா இதுக்கு நான் எதுக்கும்மா?"

"தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியாது" என்றார் அம்மை. "பார்த்துடலாம்."

தணிகாசலம் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மை ஒரு பதில் சொல்வார், அதை மனசில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் யோசிக்கலாம் என்று நினைத்திருந்தார். அம்மையோ புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல குரல்" என்றார். "சுவருக்குப் பின்னால போய் நின்னு கூப்பிடுங்க."

தணிகாசலம் போய்க் கூப்பிட்டார். "ராசா!"

பாம்பு அசையவில்லை.

"ராசா! டேய் ராசா!"

கொல்லையிலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன. பாம்பு அப்படியே கிடந்தது.

"எஞ்சின் ரூம்ல கத்தற மாதிரி கத்தறீங்களே அண்ணே" என்றார் பச்சைமுத்து. "அதுக்குக் காது எங்கே இருக்கு?"

தணிகாசலம் திரும்பி வந்தார். "குரல் இல்லைன்னா முகம்மா. தினம் என் முகத்தைத்தானே பார்க்குது."

"முகத்தை மூடிக்குங்க."

ஒரு கோணிப்பையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு அவர் தொட்டியில் கையை நீட்டினார். பாம்பு வந்தது. எப்போதும்போல முன்கையைச் சுற்றிக்கொண்டது. கோணிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது.

"முகம் இல்லாமலே தெரியுது பாருங்கம்மா! தோல் உரிக்கறதுக்கு முந்தி பத்து நாள் இதுக்குக் கண்ணு பால் மாதிரி வெளுத்துப்போச்சு. அப்பக்கூட என்னைக் கடிக்கலை."

"குரலும் இல்லை, முகமும் இல்லை. மிச்சம் என்ன?" என்றார் அம்மை.

தணிகாசலம் கோணியை எடுத்தார். தலையெல்லாம் தவிடு. "நான்தான் மிச்சம்" என்றார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

அம்மை பாம்பின் தலைக்கு அருகே குனிந்தார்.

"நாக்கை நீட்டி நீட்டி இழுக்குதே, எதுக்கு?"

"மோப்பம் பிடிக்குதும்மா. அதுக்கு நாக்குதான் மூக்கு மாதிரி."

அம்மை யோசித்தார். பிறகு, "உங்க தோள்ல இருக்கற துண்டை நாளைக்குக் காலையில பச்சைமுத்து கிட்ட கொடுங்க" என்றார்.

மறுநாள் தணிகாசலம் சீயக்காய் தேய்த்துக் குளித்தார். பச்சைமுத்துவின் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதில் அடுப்புப் புகையும் வெங்காயமும் மணத்தன. பச்சைமுத்து தணிகாசலத்தின் துண்டை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுற்றிக்கொண்டு நின்றார். அம்மை தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"கடிச்சா நீங்கதான் பொறுப்பு அண்ணே."

"சாரைக்கு விஷம் கிடையாதுய்யா."

"பல்லு இருக்குல்ல?"

பச்சைமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கு துண்டைத் தொட்டது, மறுபடி தொட்டது. பிறகு வழுக்கிக்கொண்டு வந்து அவர் முன்கையைச் சுற்றித் தோள்வரை ஏறியது.

பச்சைமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றையும் திறந்தார்.

"அண்ணே, குளுகுளுன்னு இருக்குண்ணே!"

தணிகாசலம் பாம்பை மெல்ல இறக்கித் தொட்டியில் விடச் சொன்னார். பிறகு தன் கையை நீட்டினார். பாம்பு கழுத்தைப் புடைத்தது. அவர் கையை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அது பாய்ந்து அவருடைய கட்டைவிரலைக் கடித்தது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுவாக விடும்வரை அப்படியே வைத்திருந்தார். ரத்தம் மண்ணில் சொட்டியது.

"விடுங்கண்ணே, அது வெறும் பாம்பு" என்றார் பச்சைமுத்து.

தணிகாசலம் கோணிப்பையை எடுத்தார். பாம்பைப் பிடித்து அதற்குள் போட்டு வாயைக் கட்டினார்.

"வாங்கம்மா, விட்டுட்டு வந்துடலாம்."

இருவரும் மலைச்சரிவில் நடந்தார்கள். ஓடையைத் தாண்டி, பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே தணிகாசலம் பையைத் தரையில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். வாயை நன்றாக விரித்துவிட்டு நகர்ந்து நின்றார்.

பாம்பு வெளியே வரவில்லை.

"அதுக்குத் தோணும்போது வரட்டும்" என்று சொல்லி அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்தார். தணிகாசலமும் உட்கார்ந்தார்.

"விரல் வலிக்குதா?"

"இல்லைம்மா." கொஞ்சம் கழித்து, "இது எனக்குப் புதுசு இல்லை" என்றார்.

அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணு தமயந்தி வயித்துல இருந்தப்ப நான் கப்பலேறினேன். ஒரு கப்பல் முடிஞ்சு, நேரா இன்னொரு கப்பல். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு மூணு வயசு நடக்குது. சாவி கொடுத்தா நடக்கற பொம்மை ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் அவங்கம்மா பின்னால ஒளிஞ்சுக்கிட்டா."

"குழந்தைதானே."

"அதுக்கு நான் ஒண்ணும் நினைக்கலைம்மா. எம் பொண்டாட்டி அவளைத் தூக்கி, 'இது யாரு சொல்லு'ன்னு கேட்டா. சுவத்துல என் போட்டோ ஒண்ணு மாட்டியிருந்தது. கப்பல் உடுப்புல எடுத்தது. குழந்தை அதைக் கையைக் காட்டி, 'அதுதான் அப்பா'ன்னா. என்னைக் காட்டி, 'இது யாரோ'ன்னா. வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவர் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டார்.

"காலையில எழுந்ததும் போட்டோகிட்டப் போவா. ஏதோ பேசுவா. பிஸ்கட் கொடுத்தா பாதியை உடைச்சு அதுக்கு நீட்டுவா. பக்கத்துல நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒரு துண்டு தரமாட்டா. மூணு நாள் பார்த்தேன். நாலாவது நாள் போட்டோவைக் கழட்டி டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். 'உங்கப்பன் நான் இங்க இருக்கேன், படம் எதுக்கு'ன்னு கத்தினேன்."

"அப்புறம்?"

"மூணு நாள் அழுதா. சோறு இறங்கலை. காய்ச்சல் கண்டுடுச்சு. பெட்டியைத் திறங்கன்னு எம் பொண்டாட்டி காலைப் பிடிக்காத குறை. நான் திறக்கலை."

காற்றில் காய்ந்த இலைகள் புரண்டன. பையின் துணி ஓரிடத்தில் மெல்ல அசைந்தது.

"லீவு முடிஞ்சுது. கப்பலேறிட்டேன். அதுக்கப்புறம் எத்தனையோ தடவை வந்தேன் போனேன். 'வாங்க'ம்பா. காபி கொண்டுவந்து வைப்பா. ஊருக்குக் கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்து நிப்பா. விருந்தாளிக்குச் செய்யற மாதிரி எல்லாம் ஒழுங்காச் செய்வா. கல்யாணத்தன்னைக்குக்கூட என் கால்ல விழுந்தா, முகத்தைப் பார்க்கலை. போன மாசம் மடத்துக்குப் போன் பண்ணியிருந்தா. குழந்தைக்கு மொட்டையடிச்சுக் காது குத்தறோம், வாங்கன்னு."

"போகலையே நீங்க."

"போகலை."

"ஏன்?"

தணிகாசலத்தின் குரல் உயர்ந்தது. "அவளுக்குத் தெரிஞ்சது என்னையா அம்மா? ஒரு காகிதத்தை. நாலு மாசம் கையில வச்சு வளர்த்தேன், இதுக்குத் தெரிஞ்சது என்னையா? ஒரு துண்டை. நான் கிட்ட வந்தா கடி. அறுபது வயசுல யாராவது ஒருத்தருக்காவது என்னைத் தெரியுமான்னு பார்த்தேன். ஒரு பாம்புக்குக்கூட இல்லை."

அப்போது பையின் வாயில் பாம்பின் தலை தெரிந்தது. நாக்கு காற்றைத் தொட்டுத் தொட்டு மீண்டது. மெதுவாக முழு உடம்பும் வெளியே வந்தது. கழுத்துக்குக் கீழே அந்த மங்கலான கோடு வெயிலில் தெரிந்தது. இருவரையும் சட்டை செய்யாமல் அது சருகுகளின் மேல் ஊர்ந்து போய்ப் பாறைகளுக்கு நடுவில் மறைந்தது. வால் நுனி உள்ளே போகும்வரை தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறும் பையை எடுத்து மடித்தார். பிரித்து, மறுபடி மடித்தார்.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றார் அம்மை.

"கேளுங்கம்மா."

"மூணு நாள் அழுதான்னீங்களே குழந்தை. என்ன சொல்லி அழுதா?"

"அப்பா வேணும், அப்பா வேணும்னு..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

மடித்த பையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.