லாரி வருமுன் எடை சொல்லும் மேடை

தூசிப்பாளையம் பைபாஸில் எடைமேடை வைத்திருக்கிற நாச்சம்மாள் மூணு பேரை நம்பினாள். நான் சொல்வதில் ஒரு கிலோகூட ஏற்றிச் சொல்லவில்லை. மூணு பேரையும் நம்பினாள்.

தீர்த்தகிரி, சென்னியப்பன், ராக்கியண்ணன். உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் மொழி ஒன்றும் தரமில்லை என்று சொந்தமாகவே ஒரு மொழி செய்துகொண்டிருந்த ஆட்கள். லாரி ஏறி நின்றால் எடை சொல்ல, அந்த மொழியில் ஒரு புரோகிராம் எழுதித்தர ஒப்புக்கொண்டார்கள். வியாழக்கிழமை எடை ஆய்வாளர் வருகிறார். கணக்கு பிசகினால் மேடைக்குச் சீல். அதை விட்டால் நாச்சம்மாளுக்கு வேறு பிழைப்பில்லை.

எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதி நாளைக் கடத்தாதீர்கள் என்றாள் அவள். உடனே மேக்ரோ பிறந்தது. நீளமான சமாச்சாரத்துக்கு ஒரு குட்டிப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் முழுச் சமாச்சாரத்தையும் எழுத்து மாறாமல் ஒட்டிக்கொள்ளும். 'காலிவண்டி' என்றால் 'லாரி + டிரைவர்'. மொத்தத்தில் காலிவண்டியைக் கழித்தால் சரக்கு.

ஒட்டிப் பார்த்தால் 'மொத்தம் − லாரி + டிரைவர்' என்று வந்து நின்றது. லாரி கழிந்தது. டிரைவர் கழியாததோடு இன்னொரு தரம் கூடிக்கொண்டார். பருத்திக்கொட்டை வாங்க வந்த வியாபாரி, டிரைவரை ரெண்டு தரம் விலைகொடுத்து வாங்கிப் போனார்.

ரெண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகுமே என்று சென்னியப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மெஷின்கிட்ட ஒட்டுன்னுதான் சொல்லியிருக்கோம். கட்டுன்னு சொன்னமா?" என்றான் தீர்த்தகிரி. "மொழின்னா வாக்குச் சுத்தம் வேணுமப்பா."

அரைநாள் யோசித்து வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள்: 'ஒல்லியான டிரைவர்களுக்கு மட்டும்.'

நாச்சம்மாள் போர்டைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். பக்கத்திலேயே நின்று அடைப்புக்குறியைப் போடவைத்தாள். அதோடு போயிருக்கலாம். லாரி ஏறி நிற்கிறபோது மெஷின் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, எல்லாவற்றையும் முன்னாடியே முடித்துவையுங்கள் என்றும் சொல்லித் தொலைத்தாள்.

புரோகிராமை ஓடவிடுமுன் கம்ப்யூட்டர் அதை முழுசாக வாசித்துத் தயார் பண்ணிக்கொள்ளும். அதற்குப் பேர் கம்பைல். சில கணக்குகளை அப்போதே போட்டுவைத்தால் ஓடும்போது வேலை மிச்சம். எதை முன்னாடி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விவரமானவன் பிரிப்பான். இவர்கள் பாரபட்சம் பார்க்கவில்லை. எடைபோடுவதையும் முன்னாடியே செய்துவிட்டார்கள். கம்பைல் ஆன நேரம் மேடையில் ஒரு செங்கல் லாரி நின்றது. பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.

அதுமுதல் டிராக்டர் ஏறினாலும் அதே எடை. நாய் படுத்தாலும் அதே எடை. யாருமே ஏறாவிட்டாலும் அதே. வேகம் மட்டும் பிரமாதம்.

புதன்கிழமை நாச்சம்மாள் போட்ட சத்தத்தில் காக்காய் பறந்தது. ஆய்வாளர் பக்கத்து மேடையில் எடைபோட்ட சீட்டோடு ஒரு லாரி கேட்டிருக்கிறார், சீட்டில் இருப்பதும் நம் மெஷின் காட்டுவதும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் கூடினார்கள். மெஷின் ஒரே பேச்சாக நிற்கிறது, வருகிற லாரிகள்தான் ஆளுக்கொரு எடையில் வருகின்றன என்று முடிவாயிற்று.

"அப்ப லாரியத் திருத்திரலாம்" என்றான் ராக்கியண்ணன்.

"எவ்வளவு திருத்தணும்னு எப்படித் தெரியும்?" என்றான் சென்னியப்பன்.

"எடை போட்டாத் தெரியும்."

"நம்ம மேடைல வேண்டாம்ப்பா" என்றான் தீர்த்தகிரி. "இதுல போட்டா எல்லா லாரியும் சரியாத்தான் இருக்கும்."

வியாழன் காலை பக்கத்து மேடையில் லாரியை நிறுத்தி, செங்கல் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, பதினாறாயிரத்து இருநூற்று நாற்பதுக்குச் சீட்டு வாங்கிவந்தார்கள். நாச்சம்மாள் மேடையில் நிறுத்தினார்கள். ஒரு கிலோ பிசகவில்லை. ஆய்வாளர் முகம் மலர்ந்தது. நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

லாரி இறங்கியது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபடி ஆய்வாளர் மேடை வழியாக நடந்து வந்தார். தற்செயலாக மெஷினைப் பார்த்தார். பேனா நின்றது.

"என்னம்மா இது, நான் பதினாறு டன்னா?"

தீர்த்தகிரி பணிவாக ஓடிவந்தான்.

"பக்கத்து மேடைக்குப் போகாம நேரா வந்துட்டீங்க சார். பரவாயில்லைங்க, அப்படியே நில்லுங்க."

ஆய்வாளர் எழுபது கிலோ இருப்பார், செங்கல் ஒன்று மூணு கிலோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, இன்னும் ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு செங்கல் வேண்டும் என்று குரல் கொடுத்தான். சென்னியப்பன் முதல் ரெண்டு செங்கலை எடுத்து ஆய்வாளர் கையில் கொடுத்தான்.